வெள்ளிப் பட்டாணிக்குத் தண்ணீர் ஆகாது

இன்னும் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று மயிலாத்தாள் குத்தவைத்து உட்கார்ந்து ஜல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே இருந்தாலும் பயம்தான். ஒரு மனுஷன் வீட்டுக்குள் ஒரு மணி நேரமாக எந்தக் குழாயையும் திறக்காமல் இருக்கிறார் என்றால் ஒன்று தூங்கிவிட்டார், இல்லாவிட்டால். அந்த இல்லாவிட்டாலுக்கு அந்தப்பக்கம் அவள் போகவில்லை. மணி ஒன்பதரை இருக்கும். பதினோரு மணிக்குப் போஜன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவான். செவ்வாய், வெள்ளி, வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று வருஷமாக, எல்லநள்ளியிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்கு. அங்கே நாலு மணி நேரம் நாச்சிமுத்துவின் ரத்தம் மிஷினுக்குள் போய் அலசிக்கொண்டு திரும்பி வரும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவள் புருஷனுக்கு மிஷின்தான் சிறுநீரகம். அதை விட்டால் வாரம் பத்து நாள் என்று டாக்டர் மூன்று வருஷத்துக்கு முன்பே விரலை மடக்கிக் காட்டிவிட்டார். இன்றைக்குக் காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்தபோது அவர் தட்டைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு நான் வரலை புள்ள. போஜங்கிட்டச் சொல்லிரு" என்றார். காய்ச்சல்காரன் கஞ்சி வேண்டாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார், ரொம்பச் சாதாரணமாக. "அப்ப வெள்ளிக்கெழமைங்களா?" என்று கேட்டாள். "வெள்ளிக்கெழமையும் இல்லை" என்றார். அதோடு இட்லியைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் சண்டை போட்டிருக்க வேண்டும். காலைப் பிடித்திருக்க வேண்டும். ஓசூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் பழைய ஸ்பூனையும் பல் விளக்கும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, செடி பார்க்கிறேன் என்று பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். இதற்குப் பெயர் கோபமா, பயமா, அவளுக்கே தெரியவில்லை. குளியலறைச் சன்னல் தலைக்கு மேலேதான் இருக்கிறது. குழாயைத் திறந்தால் முதலில் சுவருக்குள் டொக்கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் தண்ணீர். மூன்று வருஷத்தில் அவள் காது குழாய்க் காதாகிவிட்டது. சமையலறைக் குழாயா, குளியலறைக் குழாயா, கை கழுவுகிறாரா, கொப்பளிக்கிறாரா, கொப்பளிப்பதில் ஒரு மடக்கு உள்ளே போகிறதா, எல்லாம் சுவருக்கு இந்தப்பக்கமிருந்தே சொல்லுவாள்.

ஜல்லிக்கு அடியில் ஈரம் இருந்தது. ஆடி மாதத்து மழை இரண்டு நாளாக ஓய்ந்து, காற்று மட்டும் யாரையோ தேடுகிற மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது, இருந்தும் விரல் அழுந்த வைத்தால் ஈரம். இருக்கக் கூடாது. பாறைத் தோட்டம் என்றால் பாறையை அடுக்கி நடுவில் செடி வைப்பது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். ஊட்டியில் தெருவுக்கு நாலு பேர் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது, சிமென்ட் கொக்கோடு. நாச்சிமுத்து போட்டது அப்படியில்லை. இரண்டடி ஆழம் தோண்டி, அடியில் உடைகல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணலும் பொடிக்கல்லும், ஏதோ பேருக்கு ஒரு கை மக்கின இலை. பாறைகளையும் மழை விழுந்தால் பின்பக்கமாக ஓடுகிற மாதிரி சாய்த்துச் சாய்த்துப் புதைத்திருந்தார், பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்கும்படி. இத்தனை ஏற்பாடும் ஐந்தே ஐந்து செடிகளுக்கு. சாண் உயரம்கூட இல்லாத செடிகள். எங்கேயோ பனிமலை உச்சியில், சரளைக் கல்லுக்கு நடுவில் விளைகிற பட்டாணிச் சாதி. புளிய இலை மாதிரி ஈர்க்கின் இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டிக் குட்டி இலை, இலை முழுக்கப் பட்டு மாதிரி வெள்ளை மயிர். தொட்டால் பூனைக்குட்டியின் காது. வெயில் அடித்தால் செடியே வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கி வைத்த மாதிரி மின்னும். அதற்கு நீளமாக ஒரு வெளிநாட்டுப் பெயர் உண்டு, தகரத் துண்டில் எழுதி நட்டு வைத்திருக்கிறார். அவளுக்கு அது வாயில் நுழையவில்லை, வெள்ளிப் பட்டாணி என்றாள், கடைசியில் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த வெள்ளை மயிர் அதற்குப் போர்வை. மலை உச்சியின் வெயிலும் காற்றும் உறிஞ்சிவிடாமல் இருக்க. அதே மயிர் மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரம் கழுத்துக்கு இறங்கும், கழுத்து அழுகும். அதனால்தான் மழைக்காலம் முழுக்கச் செங்கல்லை முட்டுக் கொடுத்து ஒவ்வொரு செடிக்கும் மேலே ஒரு கண்ணாடி. பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும், தலையில் மட்டும் ஒரு சொட்டு விழக் கூடாது. எரு ஆகாது. பட்டாணிச் சாதி தன் சோற்றைத் தன் வேர் முடிச்சிலேயே ஆக்கிக்கொள்ளும் என்பார் அவர், நாம் ஆக்கிப் போட்டால் கொழுத்துப் பச்சையாகி வெள்ளி போய்ச் செத்துவிடும். தண்ணீர் ஆகாது. இடம் மாற்றினால் ஆகாது. இப்படி ஒரு செடியை எதற்கு வளர்க்க வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இப்போது ஐந்தில் இரண்டு இல்லை. மூன்றாவதின் கழுத்தைத்தான் அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள், கருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க. ஒரு பக்கம் ஏறியிருந்தது.

சிவகாமியின் வேலை. நாச்சிமுத்துவின் தங்கை, கோபிச்செட்டிபாளையத்தில் கரும்பும் காய்கறியும் பார்க்கிறவள், ஆடி நோம்பிக்குக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு போன வியாழக்கிழமை வந்தாள். வந்தவள் காப்பித் தண்ணி குடிக்கும் முன்னால் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "அய்யோ, அண்ணஞ் செடியெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்குதே, இத்தனை நாளா கண்ணுலயே படலையா அண்ணி?" என்றாள். அவள் தோட்டத்தில் பாகற்கொடிக்கும் பட்டாணிக்கும் வருகிற சாம்பல் நோய் அவளுக்கு நன்றாகத் தெரியும், அதற்கு மருந்தும் தெரியும். மயிலாத்தாள் அவருக்குக் காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள், உப்பெல்லாம் போக இரண்டு தண்ணி வடிக்க வேண்டும், அந்த நேரத்தில் சிவகாமி குளிர்பெட்டியிலிருந்து புளித்த மோரை எடுத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, கண்ணாடிகளை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு இலையாகப் பிடித்து நன்றாக நனைய நனையத் தெளித்து, போகாத சாம்பலை ஈரத்துணியால் துடைத்தும் விட்டிருந்தாள். அன்பில்தான். அண்ணன் ஆசையாக வளர்க்கிற செடி என்பதால்தான். மறுநாள் காலையில் செடிகள் மழையில் நனைந்த கோழிகள் மாதிரி கிடந்தன. அவர் குனிந்து பார்த்தார், சிவகாமி பக்கத்திலேயே நின்றாள், "தெளிஞ்சுரும் அண்ணா, ரெண்டு நாள்ல தெளிஞ்சுரும்" என்றாள். அவர் "செரி கண்ணு" என்றார். திட்டவில்லை. பிற்பாடு மயிலாத்தாளிடம் மட்டும், "அதோட பொறந்த நெறமே அதுதான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவ கண்ணுக்குச் சீக்காத் தெரிஞ்சுது" என்றார். தங்கையென்றால் எத்தனை பொறுமை. மயிலாத்தாளுக்கு அப்போதே ஒரு எரிச்சல் பற்றிக்கொண்டது, மறுநாள் சனிக்கிழமை அந்த எரிச்சல்தான் வாய் வழியாக வந்துவிட்டதோ. இல்லை. சாக்குச் சொல்லக் கூடாது. சனிக்கிழமை அவள் சொன்னது அவள் சொன்னதுதான்.

திருடன். அந்த வார்த்தை நாலு நாளாகத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சனிக்கிழமை மத்தியானம், நோம்பிச் சாப்பாடு முடிந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே அவளும் சிவகாமியும் பாத்திரம் கழுவப் பின்பக்கம் வந்தார்கள். இதே இடம். அவர் அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பூவாளியைத் தூக்கி, அதன் மூக்கை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அவருக்கு. அதில் காப்பி, ரசம், மாத்திரைக்கு ஒரு மடக்கு எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிடுவாள், அதற்கு மேல் கேட்டால் எலுமிச்சைத் துண்டு, அதற்கும் மேல் கேட்டால் குளிர்பெட்டியில் உறைய வைத்த ஒரு ஐஸ்கட்டி, அதற்கும் மேல் கேட்டால் எழுந்து போய்விடுவாள். பூவாளியைப் பார்த்ததும் அவள் கத்திவிட்டாள். "திருடிக் குடிக்கற புத்தி எப்பத்துல இருந்துங்க வந்துச்சு உங்களுக்கு? பொண்டாட்டி கண்ணுல மண்ணைத் தூவிட்டு, திருடன்!" இப்படித்தான், இதே குரலில், பக்கத்துத் தோட்டத்தில் கேரட் பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி. சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பூவாளியை மெதுவாகக் கீழே வைத்தார், சிந்தாமல் வைத்தார், தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். அன்றிலிருந்து பேச்சு, வேணும் வேண்டாம் அளவுதான். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? மன்னிப்புக் கேட்டால் குடியுங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? திருட்டு என்று சொன்னாளே, திருடுவது யார்? மூன்று வருஷமாக அவர் எதிரில் அவள் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. சமையலறையில் கதவைச் சாத்தி, குழாய்க்கு அடியில் துணியைப் போட்டு, சத்தம் வராமல் பிடித்து, சுவரைப் பார்த்து நின்று மடக்கு மடக்காக விழுங்குவாள், விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டுவிடக் கூடாது. அப்படிப் பார்த்தால் இந்த வீட்டில் திருடிக் குடிக்கிறவள் அவள்தான். இதை அவரிடம் சொல்லலாம். சொன்னால் சிரிப்பாரோ என்னவோ. முன்பெல்லாம் சட்டென்று சிரிப்பார்.

ஸ்பூனால் ஈரமான ஜல்லியை வழித்து ஒதுக்கி, காய்ந்த ஜல்லியைச் செடியின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். காலர் மாதிரி போட வேண்டும், இலை கல்லில் படலாம், மண்ணில் படக் கூடாது. ஒரு காலத்தில் இந்த மனுஷன் தண்ணீரோடுதான் குடும்பம் நடத்தினார், அவளோடு நடத்தியது மிச்ச நேரத்தில். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம், அணைக்கட்டிலிருந்து பவர்ஹவுசுக்கு மலைச்சரிவில் இறங்குகிற ஆள் உயரக் குழாய்கள் இருக்கிறதே, அதன் கூடவே ஏறி இறங்கி, காதை வைத்துக் கேட்டு, எங்கே கசிகிறது எங்கே அதிர்கிறது என்று பார்க்கிற வேலை. சாப்பாட்டுக் கேரியரோடு போகிறவர் திரும்பி வரும்போது பாறை இடுக்கிலிருந்து எதையாவது வேரோடு பெயர்த்துக்கொண்டு வருவார். ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டின வருஷம், வெளிநாட்டில் பாறைத்தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறதாம், அதற்குக் கடுதாசி எழுதிப் போட்டு, தபாலில் விதை வந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. இருபத்து மூன்று விதை. அதை இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, அப்பளம் தேய்க்கிற பதத்தில் தேய்த்தார். தோல் அத்தனை கெட்டி, அது தேய்ந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும், போனால்தான் முளைக்கும். ராத்திரி ஊறவைத்துக் காலையில் உப்பியதை மட்டும் எடுத்தார். சட்டி வேண்டாமென்று பிளாஸ்டிக் பைப்பை ஓர் அடி ஓர் அடியாக அறுத்து, நீளவாக்கில் பிளந்து, மறுபடி சேர்த்துக் கம்பியால் கட்டி, அதில் மணலை நிரப்பிப் போட்டார். இந்தச் சாதிக்கு வேர் ஒன்றே ஒன்று, நேராக இறங்கிக்கொண்டே போகும், அதைத் தொட்டால் போச்சு, நடுகிற அன்றைக்குக் கம்பியை அவிழ்த்துப் பைப்பை வாழைப்பட்டை மாதிரி விரித்தால் வேருக்குத் தெரியாமல் குழிக்குள் இறக்கிவிடலாம். வேருக்குத் தெரியாமல் என்று சொல்லிவிட்டு அவரே ரசித்துக்கொண்டார். ஒன்பது முளைத்தது, ஐந்து நின்றது. மூன்றாம் வருஷம் ஊதா நிறத்தில் அவரைப்பூ மாதிரி பூத்தபோது அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். அந்த வருஷம்தான் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்புதான் இறுக்குகிறது என்று நினைத்தாள் அவள், புதுச் செருப்பு வாங்கித் தந்தாள், ஒரு அளவு பெரிசாக.

மடியில் போன் அடித்தது. சிவகாமி. எடுக்காமல் விட்டால் மறுபடி மறுபடி அடிப்பாள்.

"அண்ணி, அண்ணன் கெளம்பியாச்சா?"

"இன்னும் இல்லை கண்ணு. மணி ஆவுல."

"அண்ணனை வெசனப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அந்தச் செடி மோருக்குத் தெளிஞ்சுதுங்களா?"

கையில் கருத்த கழுத்து. அழுகின இரண்டு செடிகளைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் இரண்டு குழி. "தெளிஞ்சிட்டு வருது" என்றாள் மயிலாத்தாள்.

"பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல! கண்ணாடியைப் போட்டுக் கல்லுல வாட்டுனா எந்தச் செடிதான் தாங்கும்? நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு சொம்புத் தண்ணியாச்சும் ஊத்துங்க அண்ணி. பாவம்."

பாவம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். செடியைச் சொன்னாளா அண்ணனைச் சொன்னாளா, இரண்டையும்தான் சொல்லியிருப்பாள். ஊருக்கே அவள்மேல் அந்தப் பார்வைதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழி சொன்னவனுக்குத் தாகம் எடுத்திருக்காது. பங்குனியில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், பக்கத்து வீட்டில் யாரோ பாவம் பார்த்துத் தர்ப்பூசணி இரண்டு கீற்றுக் கொடுத்து, இவரும் தின்றுவிட்டு வந்து, ஒரு மணி நேரத்தில் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே நெஞ்சில் கொளகொளவென்று அடுப்பில் கொதிக்கிற சத்தம். கண் பிதுங்கி அவளைப் பார்த்தார். போஜன் வண்டி வரும் வரைக்கும் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து நிமிர்த்தியே வைத்திருந்தாள், சாய்ந்தால் மூழ்கிவிடுவார். வீட்டு நடுக்கூடத்தில், காய்ந்த தரையில் நின்றுகொண்டு மூழ்குவது. "தண்ணிதாம்மா, நுரையீரல்ல தண்ணி" என்றார்கள் ஆஸ்பத்திரியில். மிஷினுக்குப் போகாவிட்டால் அதுதான் நடக்கும். இன்றைக்கு இல்லை, நாளைக்கு இல்லை, வியாழனோ வெள்ளியோ. மறுபடி பின்னாலிருந்து கட்டிப் பிடிக்க வேண்டும், இந்தத் தடவை வண்டி வராது. வரக் கூடாது என்கிறார். அவளால் அது முடியாது. போஜனையும் கூட்டி வண்டியில் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போட முடியுமா? முடியும். மிஷினில் கட்டிப் போடவும் முடியும். அப்புறம் வெள்ளிக்கிழமை? அடுத்த செவ்வாய்? ஒருத்தரை எத்தனை செவ்வாய்க்குத் தூக்கிப் போடுவது? அவளுக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. முழங்கால் இரண்டும் காலையில் ஒரு கதை, சாயங்காலம் ஒரு கதை. மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு எழவுக்குப் போய் முழுசாக உட்கார்ந்து அழுததில்லை, குழாய் திறந்திருக்குமோ என்று பாதியில் ஓடி வந்தாள். சொந்தத் தாய் எழவு அது.

டொக்.

சுவருக்குள். அதைத் தொடர்ந்து தண்ணீர். குளியலறைக் குழாய், முழுசாகத் திறந்திருந்தது, ஒளித்துத் திறந்த குழாய் இல்லை. மயிலாத்தாளின் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது, உடம்புக்கு அது பழக்கம், இடது கை பாறையை ஊன்றிவிட்டது. அப்புறம் ஊன்றின கை ஊன்றினபடியே நின்றது. செடியின் கழுத்தைப் பிடித்திருக்கிறேன், விட்டால் சாய்ந்துவிடும் என்று நினைத்தாள். பொய். முழங்கால் மரத்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்தாள். அதுவும் பொய். முகம் கழுவுவார், முகம் கழுவுகிற மனுஷனைப் போய் வேவு பார்ப்பார்களா என்று நினைத்தாள், அது பாதி நிஜம் மாதிரி இருந்தது, அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், வழுக்கியது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இரும்பு வாளியில் விழுகிற சத்தம் இல்லை, கையில் ஏந்துகிற சத்தம். அள்ளுகிறார். எழுந்து போ. சன்னலுக்குக் கீழேயிருந்து ஏனுங்க என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நிறுத்திவிடுவார், திருடன் என்று கேட்ட காதுக்கு அது போதும். குரல் வரவில்லை. குடிக்கட்டும், பாவம், வயிறு நிறைய ஒரு தடவை குடிக்கட்டும். அந்த நினைப்பு நல்லதாகத்தான் இருந்தது, இரக்கம், அது வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. குடிக்கட்டும், இன்றைக்கு வண்டியிலும் ஏற வேண்டாம், இதெல்லாம் ஒரு வழியாகத் தீர்ந்து போகட்டும், நானும் ஒரு நாள் கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் குடிக்கிறேன். இத்தனை வார்த்தையாக, தெளிவாக, யாரோ காதில் சொன்ன மாதிரி இல்லை, அவள் குரலிலேயே. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர் செத்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமில்லை, அந்த நினைப்பில் தோள் இரண்டும் இறங்கி, மூச்சு ஒழுங்காக வந்து, மூன்று வருஷத்தில் இல்லாத ஒரு சுகம் உடம்பில் பரவியது, ஆடிக் காற்று முகத்தில் பட்டது நன்றாக இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. அடிப்பாவி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் ஓடியது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். தண்ணீர் ஓடியது. பிறகு நின்றது, சுவருக்குள் குழாய் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. செடியின் கழுத்தை விட்டிருந்தாள், அது சாயவில்லை. பின்கதவு திறந்தது. அவர் படியில் நின்றார், மேலே போட்டிருந்தது ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தக் கோடு போட்ட சட்டை, இடது கை ஊசி குத்துவதற்குத் தோதாக முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தது. தலை சீவியிருந்தார். முகத்தில் நாலு நாள் தாடியைக் காணவில்லை. தாடைக்கு அடியில் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டு, பேப்பர்த் துண்டை ஒட்ட வைத்திருந்தார், அதில் சிவப்பாக ஒரு பொட்டு. அவளால் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பேப்பரைத்தான் பார்த்தாள்.

"வண்டி வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

படியில் உட்கார்ந்தார். சின்னதாக மூச்சு வாங்கியது. பிடுங்கின இடத்துக் குழிகளைப் பார்த்தார், மூன்றாவது செடியைப் பார்த்தார்.

"குழாச் சத்தம் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சுங்க."

"சவரம் பண்ணலாம்னுதான் தொறந்தேன்." தாடையில் ஒட்டின பேப்பரை விரலால் அழுத்தினார். "சவரம் பண்ண இல்லை. குடிக்கலாம்னுதான் தொறந்தேன், எதுக்குப் பொய் சொல்லோணும். ரெண்டு கையிலயும் அள்ளி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோயிட்டேன் புள்ள. நீ இங்கதான் உக்காந்திருக்கறேன்னு தெரியும், சன்னல்ல உன்ற தலை தெரிஞ்சுது. இப்ப எந்திரிப்பா, இப்பக் கத்துவான்னு பாத்துட்டே இருக்கறேன். நீ எந்திரிக்கலை."

மயிலாத்தாள் பல் விளக்கும் பிரஷ்ஷால் ஒரு கல்லைத் தேய்த்தாள். அதில் பாசி ஒன்றும் இல்லை.

"மூணு வருசத்துல இன்னிக்குத்தான் நீ எந்திரிக்கலை" என்றார் நாச்சிமுத்து. "பூவாளியில வாய் வெச்சுக் குடிச்சவனை, திருடன்னு தெரிஞ்சும், நம்பி உக்காந்திருக்கறாளேன்னு நெனச்சேன். அப்பறம் எங்கிருந்து குடிக்கறது? கீழ ஊத்திட்டேன். ஊத்திட்டு முகத்தைக் கழுவிச் சவரம் பண்ணுனேன். போலாம் புள்ள. போயிட்டு வந்தரலாம்."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. நான் நம்பி உட்காரவில்லை, நீங்கள் போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லாமல் இந்த மனுஷனோடு இனி ஒரு வாய்ச் சோறு எப்படித் தின்பது? சொன்னால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார், சட்டையைக் கழற்றிவிடுவார். முன்வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "அம்மா, போலாமா?" என்று போஜன் குரல் கொடுத்தான்.

"நம்பித்தான உக்காந்திருந்த?" என்று கேட்டார் அவர், சிறுபிள்ளை மாதிரி.

"ஆமாங்க" என்றாள் மயிலாத்தாள். "வேற எதுக்கு உக்காந்திருப்பேன்?"

அவர் கையை நீட்டினார், பிடித்து எழுந்தாள். வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, போர்வையை அவர் மடியில் போட்டாள். முதல் வளைவு திரும்பும் முன்பே அவர் கண்ணை மூடித் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டார். நாலு நாளுக்கு அப்புறம், நிம்மதியாக. ஊட்டி போய்ச் சேரும் வரைக்கும் அவள் தோளை அசைக்கவில்லை.